கண்ணாடிக்கு அடங்காத பார்வை: கூம்பு விழிக்கு லென்ஸ் பொருத்துதல்

வருடத்துக்கு இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியாத பிள்ளைகள் சிலர் எம்மிடையே இருக்கிறார்கள். முன் வாங்கில் இருந்தும் பலகையில் எழுதியிருப்பது தெரிவதில்லை. வாசிக்கும்போது ஓர் எழுத்து இரண்டு மூன்றாகத் தெரிகிறது. பெற்றோர் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த கண்ணாடி நாலு மாதத்தில் உதவாமற் போகிறது. "படிக்கப் பஞ்சியில் சாட்டுச் சொல்லுகிறான்" என்று சிலர் ஏசுகிறார்கள். "இனிக் குருடுதான்" என்று வேறு சிலர் கைவிட்டு விடுகிறார்கள். இரண்டும் தவறு. இத்தகைய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது பெயருள்ள, விளங்கிக்கொள்ளக்கூடிய, பார்வையை மீட்டுக் கொடுக்கக்கூடிய ஒரு நோய்.

வைத்தியர்கள் இதனைக் கெரற்றோகோனஸ் என்பர். தமிழில் கூம்பு விழி எனலாம். இதற்குச் சாதாரண கண்ணாடி போதாத கட்டத்தில், கண்ணின் மேலேயே வைக்கும் விசேட கொன்ராக்ற் லென்ஸ் உதவுகிறது. "அதெல்லாம் பெரிய பட்டணத்துப் பணக்காரருக்கு" என்று நினைத்து ஒதுங்கவேண்டியதில்லை. குறைந்த கருவிகளுடனும் இந்த லென்ஸைச் சரியாகப் பொருத்த முடியும். ஆனால் பொருத்துபவருக்குப் பொறுமையும், பாவிப்பவருக்குச் சுத்தமும், வீட்டாருக்குத் தொடர்ந்து கிளினிக்குக்குப் போய்வரும் உறுதியும் வேண்டும். அந்த வேலையை நாம் விளங்கிக்கொண்டால், எதற்குச் செலவு செய்வது, எதைக் கேட்பது, எதைத் தவிர்ப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

கூம்பு விழி என்றால் என்ன?

எமது கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு முன்னால், மணிக்கூட்டுக்கு மேலே கண்ணாடி இருப்பதுபோல, தெளிவான ஒரு படலம் இருக்கிறது. இதனைப் பாடசாலைப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படிக்கிறோம். இதன் தடிப்பு நடுப்பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் மட்டுமே. நல்ல கண்ணில் இது பந்தின் மேற்புறம் போல ஒழுங்காக வளைந்திருக்கும். கூம்பு விழியில் இந்தப் படலம் மெல்ல மெல்ல மெலிந்து, பலம் குறைந்து, முன்னோக்கிக் கூம்புபோலத் தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, இருபதுகளில் கூடி, முப்பது நாற்பது வயதளவில் ஓரளவு நின்றுவிடும். இரண்டு கண்ணிலும் வருவது வழக்கம். ஆனால் ஒரு கண்ணில் முந்தியும் மற்றதில் பிந்தியும் வரலாம்.

இது தொற்றுநோய் அல்ல. செய்வினையும் அல்ல. சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. ஆகவே ஒரு பிள்ளைக்கு இருந்தால் அதன் சகோதரரின் கண்களையும் காட்டவேண்டும். கண் கடியும் ஒவ்வாமையும் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கண்ணைப் பலமாகக் கசக்கும் பழக்கம் நோயைக் கூட்டும். புழுதியிலும் வைக்கோல் தூசியிலும் அடுப்புப் புகையிலும் இருந்து பிள்ளை கண்ணைக் கசக்கினால், அதைச் சிறிய விடயமாக எடுக்கக்கூடாது. சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின்மேல் வைத்தால் கடி தணியும். கடி தொடர்ந்தால் அதற்கான துளிமருந்தைக் கிளினிக்கில் கேட்டுப் பெறவேண்டும். கசக்குவதை நிறுத்துவதற்குக் காசு தேவையில்லை. ஆனால் இந்த நோயில் நாம் வீட்டிலே செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான்.

வீட்டிலும் பாடசாலையிலும் கவனிக்கவேண்டியவை

பின்வருவனவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் பிள்ளையைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

கண்ணாடி இலக்கம் அடிக்கடி மாறுதல். அதிலும் ஒரு கண் மற்றதைவிட வேகமாகக் கெடுதல். புதுக் கண்ணாடி போட்டும் எழுத்துக்கு நிழல் விழுவதுபோலத் தெரிதல். இரவில் விளக்கைச் சுற்றிக் கீற்றுக்கள் சிதறித் தெரிதல். வெளிச்சத்துக்குக் கண் கூசுதல். கண்ணை இடுக்கிப் பார்த்தல். எந்நேரமும் கண்ணைக் கசக்குதல். நோய் முற்றியவரை நிலத்தைப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தால், கீழ் இமை வளைவாக இராமல் கூராக வெளியே தள்ளியிருப்பது தெரியும்.

ஆசிரியரோ சுகாதாரத் தொண்டரோ செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. கறுத்த மட்டையொன்றில் தடித்த ஊசியால் ஒரு மில்லிமீற்றர் அளவு துளையிடுங்கள். பிள்ளையின் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் தூரத்து எழுத்தை முதலில் வெறுமனேயும், பின்னர் அந்தத் துளைக்கூடாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். துளைக்கூடாகப் பார்க்கும்போது கூடுதலாகத் தெரிந்தால், ஒளி வளையும் விதத்தில்தான் பெரும்பாலும் குறை. அதனைக் கண்ணாடியாலோ லென்ஸாலோ திருத்த இடமுண்டு. துளைக்கூடாகவும் தெரியாவிட்டால் வேறு நோயாக இருக்கலாம். அவரையும் தாமதியாது வைத்தியரிடம் அனுப்பவேண்டும். துளைக்கூடாக நன்றாகத் தெரிந்தும், கண்ணாடிக் கடையில் எந்தக் கண்ணாடி போட்டும் அந்தளவு தெளிவு வரவில்லையானால், கூம்பு விழியோ என்று கட்டாயம் விசாரிக்கவேண்டும்.

கண்ணாடி ஏன் போதாது?

வயல் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உழுத வயல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. அதற்குள் நீரைக் கட்டினால் அடியில் எவ்வளவு மேடு பள்ளம் இருந்தாலும் மேலே நீர் மட்டமாக நிற்கும். பள்ளத்தில் நீர் கூட, மேட்டில் நீர் குறைய; அவ்வளவுதான்.

கூம்பு விழியின் மேற்பரப்பும் அந்த உழுத வயல் போன்றது. கண்ணாடி முகத்துக்கு முன்னால் தள்ளி நிற்பதால், கண்ணின் மேலுள்ள மேடு பள்ளத்தை அதனால் திருத்த முடியாது. நோயின் தொடக்கத்தில் மேடு பள்ளம் குறைவு. அப்பொழுது கண்ணாடி போதும். பின்னர் போதாது. கடினமான லென்ஸ் ஒன்றைக் கண்ணின் மேல் வைக்கும்போது, லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் கண்ணீர் நிரம்புகிறது. பள்ளத்தைக் கண்ணீர் நிரப்ப, வெளிச்சம் லென்ஸின் ஒழுங்கான மேற்புறத்தால் உள்ளே போகிறது. அதனால்தான் கண்ணாடியுடன் பெரிய எழுத்தை மட்டும் வாசித்தவர் இந்த லென்ஸுடன் சிறிய எழுத்தையும் வாசிக்கிறார். மெல்லிய மென் லென்ஸ் கண்ணின் வடிவத்துக்கே வளைந்துவிடும். ஆகையால் சாதாரண மென் லென்ஸ் இதற்கு அதிகம் உதவாது.

பெரிய இயந்திரம் இல்லாவிட்டால்?

இன்று பெரிய வைத்தியசாலைகளில் விழிவெண்படலத்தின் மேடு பள்ளத்தைக் கணினி மூலம் நிறப் படமாக எடுக்கிறார்கள். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கவும், அது கூடுகிறதா என்று அளக்கவும் அந்தப் படம் மிக உதவியானது. ஒரு தடவையேனும் அதைச் செய்வித்து வைத்திருப்பது நல்லது. ஆனால் லென்ஸ் பொருத்துவதற்கு அது இல்லாமல் முடியாது என்பதில்லை.

வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகும். கூம்பு விழியை இங்கிலாந்தின் வைத்தியர் ஜோன் நொற்றிங்ஹாம் 1854இல் விரிவாக எழுதி வைத்தார். 1888இல் பரிஸ் நகரில் ஒய்ஜன் கால்ற் என்ற வைத்தியர் இந்நோய் உள்ளவர்களுக்குக் கண்ணாடியாலான ஓட்டை வைத்துப் பார்த்தார். 1948இல் அமெரிக்காவில் கெவின் ரூஹி விழிவெண்படலத்தின் மேல் மட்டும் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் லென்ஸை உருவாக்கினார். 1970களின் பிற்பகுதியில் காற்றை உள்ளே விடும் கடின லென்ஸ்கள் வந்தன. கண்ணுக்கு வேண்டிய ஒட்சிசன் அவற்றினூடாகப் போவதால் கூடிய நேரம் போடக்கூடியதாயிற்று. கணினிப் படம் வந்தது 1980களிலேதான். அதற்கு முன்னர் எத்தனையோ பேருக்கு லென்ஸ் பொருத்தியவர்கள் நம்பியிருந்தது சில சிறிய கருவிகளையும் தமது கண்ணையுமே.

அவ்வாறான ஓர் இடத்தில் இருக்கவேண்டியவை இவை. கண்ணின் வளைவை அளக்கும் கெரற்றோமீற்றர். பார்வை இலக்கம் பார்க்கும் ரெற்றினோஸ்கோப்பும் சாதாரண பரிசோதனைக் கண்ணாடிப் பெட்டியும். பல வளைவுகளில் 10, 20 லென்ஸ்கள் கொண்ட பரீட்சை லென்ஸ் பெட்டி. புளோரசீன் என்ற சாயம் தோய்ந்த கடதாசிக் கீலங்கள். அந்தச் சாயத்தை ஒளிரச் செய்யும் நீல வெளிச்சமும் பெருக்கிக் காட்டும் கண்ணாடியும். ஸ்லிற் லாம்ப் என்ற மேசைக் கருவி இருந்தால் மிக நன்று. இல்லாத இடத்தில் கையிற் பிடிக்கும் நீல விளக்கும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த கருவி பெருமளவு வேலையைச் செய்துவிடும்.

கெரற்றோமீற்றர் சாதாரணமாக 52 டையொப்ரர் வரைதான் அளக்கும். நல்ல கண்ணின் வளைவு ஏறக்குறைய 43. கூம்பு முற்றினால் 52ஐயும் தாண்டிவிடும். அப்பொழுது கருவியின் முன்புறத்தில் +1.25 இலக்கமுள்ள ஒரு பரிசோதனைக் கண்ணாடியை ஒட்டி வைத்தால் 61 வரை அளக்கலாம். பெட்டியிலுள்ள ஒரு சிறு கண்ணாடி பெரிய கருவியொன்றின் தேவையைக் குறைக்கிறது.

பொருத்தும் நாளில் நடப்பது என்ன?

முதலில் கண்ணின் வளைவை அளந்து, பெட்டியிலிருந்து அதற்குக் கிட்டிய லென்ஸ் ஒன்றைத் தெரிந்து போடுவார்கள். புதிதாகப் போடுபவருக்குக் கண் உறுத்தும், கண்ணீர் ஓடும். பயப்படவேண்டாம். கண்ணீர் ஓடும்போது எடுத்த முடிவு சரிவராது என்பதால் 20 நிமிடம் முதல் அரை மணித்தியாலம் வரை இருக்கச் சொல்வார்கள். இந்த நேரத்தை விடாமல் போட்டவுடனேயே "சரி" என்று சொல்லி அனுப்பினால் அது நல்ல பொருத்துகை அல்ல.

பின்னர் சாயக் கீலத்தை நனைத்துக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்திற் பார்ப்பார்கள். கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் கண்ணைத் தொடுமிடம் கறுப்பாகத் தெரியும். வயலில் நீர் நிற்கும் இடத்தையும் மேடு தெரியும் இடத்தையும் நாம் பார்ப்பது போலத்தான். லென்ஸ் மிகவும் தட்டையாக இருந்தால் அதன் பாரம் முழுவதும் கூம்பின் உச்சியில் விழும். நடுவிலே பெரிய கறுப்பு வட்டம் தெரியும். பார்வை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், நாளடைவில் அந்த இடம் உரசித் தழும்பு விழக்கூடும். மிகவும் குழிவாக இருந்தால் நடுவிலே சாயமும் காற்றுக் குமிழியும் தேங்கி நிற்கும். லென்ஸ் அசையாமல் இறுகி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், உச்சியை மெல்லத் தொட்டும் தொடாமலும், பாரத்தை இரு பக்கமும் பகிர்ந்து, ஓரத்தில் ஒரு பச்சைக் கரையுடன், இமை வெட்டும்போது ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அசையும் லென்ஸே சரியானது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாலு லென்ஸ்களை மாற்றிப் போடவேண்டி வரலாம். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். மறுமுறை வரச்சொன்னால், வேலை தெரியாதவர் என்று எண்ணிவிடக்கூடாது.

வளைவு சரிவந்தபின், அந்த லென்ஸைப் போட்டபடியே சாதாரண பரிசோதனைக் கண்ணாடிகளை வைத்து எவ்வளவு இலக்கம் கூட்டிக் குறைக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கின்படி உங்களுக்கென ஒரு லென்ஸ் செய்விக்கப்படும்.

ஒரு விடயத்தில் நாம் கேள்வி கேட்கத் தயங்கக்கூடாது. பரீட்சை லென்ஸ்கள் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்குப் போவன. ஒவ்வொரு தடவையும் அவற்றைத் தேய்த்துக் கழுவி, 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் 3 மணித்தியாலம் ஊறவைத்து, பின்னர் நன்றாக அலசி உலர்த்தி வைக்கவேண்டும். "இது கிருமி நீக்கியதா?" என்று கேட்பது அவமரியாதை அல்ல. அதேபோலப் போத்தலில் கரைத்துப் பலருக்கும் விடும் சாயத்தில் கிருமி வளரும்; ஒருவருக்கு ஒன்றாகப் பாவித்து எறியும் கடதாசிக் கீலமே பாதுகாப்பானது.

எந்த லென்ஸ் எமக்கு ஏற்றது?

கண்ணாடியுடன் ஓரளவு நன்றாகத் தெரியுமானால் கண்ணாடியே போதும். கண்ணாடி போதாதபோது முதலில் யோசிக்கவேண்டியது 9 மில்லிமீற்றர் அளவான சிறிய கடின லென்ஸ். விலையிலும் பராமரிப்பிலும் இதுவே பெரும்பாலும் இலகுவானது. கவனமாகப் பாவித்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ உழைக்கும்.

சிலருக்குக் கடின லென்ஸ் தாங்க முடியாமல் உறுத்தும். அல்லது அடிக்கடி கழன்று விழும். அப்படியானவர்களுக்குக் கீழே ஒரு மென் லென்ஸும் அதன்மேல் கடின லென்ஸுமாகப் போடும் முறை ஒன்று உண்டு. ஆனால் இரண்டு லென்ஸ்களைக் கழுவவேண்டும், செலவும் இரண்டு.

15 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பெரிய லென்ஸ் வேறொரு வகை. இது கூம்பைத் தொடாமல் தாண்டி, வெள்ளை விழியில் இருக்கும். உறுத்தல் குறைவு. புழுதியும் இலகுவில் உள்ளே போகாது. கூம்பு முற்றியவர்களுக்கும் உதவும். ஆனால் தினமும் போடும்போது, மருந்துக் கலப்பில்லாத சுத்தமான சேலைன் நீரால் அதை நிரப்பவேண்டும். லென்ஸின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. அந்தச் சேலைன் எமது ஊரில் கிடைக்குமா, மாதாமாதம் வாங்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும். நிரப்பச் சேலைன் இல்லாத நாளில் அந்த லென்ஸ் பெட்டிக்குள்தான் இருக்கும்.

காசு இரண்டு லென்ஸுக்குப் போதாவிட்டால் ஒரு கண்ணுக்கு மட்டும் முதலில் செய்விக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல வேளைகளில் ஒரு கண்ணின் பார்வை தெளிந்தாலே பிள்ளை படிக்கவும், பெரியவர் தொழில் செய்யவும் போதுமானதாக இருக்கும்.

சுத்தமே பாதி வைத்தியம்

லென்ஸ் போடுபவருக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து விழிவெண்படலத்தில் கிருமி பிடித்துப் புண் வருவது. புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடும். எனவே பின்வருவனவற்றை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

லென்ஸைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, நூல் பிரியாத சுத்தமான துணியாற் துடைத்து, கை நன்றாக உலர்ந்தபின் தொடவேண்டும். நகம் குட்டையாக இருக்கவேண்டும்.

கிணற்று நீர், குழாய் நீர், கொதித்தாறிய நீர் எதனாலும் லென்ஸைக் கழுவக்கூடாது. நாம் குடிக்கும் நீரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை அமீபா இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாத அது, லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் அகப்பட்டால் மாதக்கணக்கில் மாறாத புண்ணை உண்டாக்கும். வீட்டில் உப்புக் கரைத்துச் செய்த நீரும் கூடாது. எச்சிலால் நனைத்துப் போடுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

கழற்றியவுடன் உள்ளங்கையில் வைத்து, லென்ஸுக்கென விற்கும் திரவத்தால் மெல்லத் தேய்த்து, அதே திரவத்தால் அலசி, புதிய திரவத்தில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். திரவத்தை மிச்சம் பிடிக்க நேற்றைய திரவத்துக்கு மேலே ஊற்றுவது தவறு. காலையில் பெட்டியை வெறுமையாக்கி, துடைத்து, கவிழ்த்து உலரவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியை மாற்றவேண்டும்.

லென்ஸுடன் நித்திரை கொள்ளக்கூடாது. குளத்திலோ கிணற்றடியிலோ குளிக்குமுன் கழற்றவேண்டும்.

முதல் நாள் மூன்று நாலு மணித்தியாலம் மட்டும் போட்டு, பின்னர் நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலமாகக் கூட்டிச் செல்லவேண்டும்.

கண் சிவந்தால், நொந்தால், கூசினால், பார்வை மங்கினால் உடனே லென்ஸைக் கழற்றி, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். லென்ஸையும் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன் முதலியவற்றை விடவேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய துளிமருந்தையும் விடவேண்டாம். சில துளிமருந்துகள் சிவப்பை மறைத்துப் புண்ணைக் கூட்டிவிடும்.

கமத்தொழிலில் இருப்பவர்களுக்கு

கிருமிநாசினி அடிக்கும் நாளில் லென்ஸ் போடக்கூடாது. மருந்துத் தூவல் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கழுவுவது கடினம். அப்படி ஏதும் கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும், மேலே சொன்ன நீர் விதியைப் பாராமல், உடனே நிறையச் சுத்தமான நீரால் கண்ணைக் கழுவி, லென்ஸைக் கழற்றி, மேலும் 15 நிமிடமளவு கழுவியபின் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சூடடிக்கும்போதும், குப்பை எரிக்கும்போதும், காற்றுடன் புழுதி பறக்கும் நாட்களிலும் லென்ஸைத் தவிர்க்கலாம். அல்லது அதன்மேல் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடலாம். லென்ஸுக்குக் கீழே தூசி போனால் தேய்க்காமல், கை கழுவி, லென்ஸைக் கழற்றிக் கழுவிப் போடவேண்டும். பழைய கண்ணாடியை எறியவேண்டாம். அது முழுதும் தெளிவாகத் தராவிட்டாலும், லென்ஸ் போடாத நாளுக்கு உதவும்.

இடம் மாறும்போது மறக்கக்கூடாதவை

எமது குடும்பங்கள் பல தடவை இடம்பெயர்ந்தவை. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களும், இரவற் காணியிலும் உறவினர் வீட்டிலும் இருப்பவர்களும், வெள்ளக் காலத்தில் பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்வருபவர்களும் எம்மில் உண்டு. லென்ஸ் பாவிப்பவருக்கு இதனால் வரும் இடைஞ்சல் பெரிது. ஆனால் முன்யோசனை இருந்தால் சமாளிக்கலாம்.

ஒவ்வொரு கண்ணின் லென்ஸுக்கும் மூன்று இலக்கங்கள் உண்டு: வளைவு, விட்டம், பவர். அவற்றையும் லென்ஸின் வகைப் பெயரையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதைப் பிரதி செய்து, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பொலித்தீன் பையிலேயே வையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். லென்ஸ் தொலைந்தாலும் இந்த மூன்று இலக்கங்கள் கையில் இருந்தால், புதிய ஊரிலுள்ள கிளினிக்கில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டியதில்லை.

திரவம் கிடைக்காத இடத்தில் லென்ஸைப் போடவேண்டாம். சிறிய கடின லென்ஸுக்கு ஒரு வசதி உண்டு: நன்றாகக் கழுவி உலர்த்திப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் கெடாமல் இருக்கும். திரவம் கிடைத்தபின் கழுவி, சில மணித்தியாலம் ஊறவைத்துப் போடலாம். மென் லென்ஸை அப்படி உலரவிட முடியாது.

லென்ஸ் செய்யாதது

லென்ஸ் பார்வையைத் தெளிவாக்கும்; நோயை நிறுத்தாது. இதை மறந்தால் ஏமாற்றமே மிஞ்சும். நோய் கூடிக்கொண்டு போகும் இளம் வயதினருக்கு, விழிவெண்படலத்தை இறுக்கிப் பலப்படுத்தும் ஒரு சிகிச்சை உண்டு. விற்றமின் பி2 துளிகளை விட்டு, அளவான புற ஊதாக் கதிரைக் கண்ணில் படவிடும் இம்முறையின் முதற் பெறுபேறுகள் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து 2003இல் வெளிவந்தன. இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். போன பார்வையைத் திருப்பித் தருவதைவிட, இருப்பதைக் காப்பதே இதன் முக்கிய நோக்கம். எனவே காலம் தாழ்த்தாமல் "என் பிள்ளைக்கு நோய் கூடுகிறதா? இந்தச் சிகிச்சை வேண்டுமா?" என்று வைத்திய நிபுணரைக் கேட்கவேண்டும். அதன் பின்னரும் லென்ஸ் தேவைப்படலாம்.

சிலவேளை முற்றிய கண்ணில் திடீரென நீர் ஊறிப் படலம் வெள்ளையாகி நோவெடுக்கும். இது சில மாதங்களில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனால் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நடுவிலே தழும்பு விழுந்தவர்களுக்கும் எந்த லென்ஸும் சரிவராதவர்களுக்கும் விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சை உண்டு. எமது நாட்டுக்கு இதில் ஒரு பெயர் இருக்கிறது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உள்நாட்டுக்கு மட்டுமன்றிப் பல வெளிநாடுகளுக்கும் விழிவெண்படலங்களைக் கொடுத்திருக்கிறது. எனினும் மாற்றிய படலத்தை உடல் ஏற்காமல் விடலாம். நெடுங்காலம் துளிமருந்து விட்டுக் கிளினிக்குக்குப் போகவேண்டும். அதன் பின்னரும் பலருக்குக் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படுகிறது. ஆகவே லென்ஸால் தெளிவாகப் பார்க்கக்கூடிய ஒருவர் அவசரப்பட்டுச் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டியதில்லை.

நாம் சேர்ந்து செய்யக்கூடியவை

அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் பரிசோதனை இலவசம். முதலில் அங்கே போய் நோயை உறுதிப்படுத்துங்கள். லென்ஸ் எங்கே பொருத்துகிறார்கள், பரீட்சை லென்ஸ் பெட்டி இருக்கிறதா, சரிவராவிட்டால் மாற்றித் தருவார்களா, எத்தனை தடவை வரவேண்டும், திரவத்துக்கு மாதம் எவ்வளவு செல்லும் என்பவற்றைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். லென்ஸ் கிடைத்தபின் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு தடவையும், பின்னர் ஒரு மாதம், மூன்று மாதம், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் காட்டவேண்டும். கிளினிக் நாளில் கண்ணில் நோவோ சிவப்போ இல்லாவிட்டால் லென்ஸை இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போட்டுக்கொண்டே போங்கள். கழற்றிக்கொண்டு போனால் அது எப்படி இருக்கிறதென்று அவர்களால் பார்க்க முடியாது.

ஓர் ஊரிலிருந்து தனியே போகும் ஒருவருக்குப் பஸ் காசும் ஒரு நாட் கூலியும் போகும். அயல் ஊர்களில் கண் கிளினிக்குக்குப் போகவேண்டியவர்களை மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ விசாரித்து, ஒரே நாளில் ஒரே வாகனத்தில் அனுப்பினால் செலவு குறையும், தவறவிடுவதும் குறையும். குடும்பநல உத்தியோகத்தரிடமும் பாடசாலை அதிபரிடமும் சொல்லி, கண்ணாடி அடிக்கடி மாறும் பிள்ளைகளின் பெயரை எடுத்து வைக்கலாம்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளை என்றால் "கலியாணம் குழம்பும்" என்று கண் நோயை மறைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மறைத்த வருடங்களில்தான் கூம்பு வளர்கிறது. லென்ஸ் போட்ட கண்ணைப் பார்த்தால் மற்றவருக்கு எளிதில் தெரியவும் மாட்டாது. இந்த வாரம் உங்கள் பிள்ளைகளை ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரிலுள்ள கலண்டரை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியாவிட்டால், அடுத்த கிளினிக் நாளைக் குறித்து வையுங்கள்.